அரசித்தாய் பிராகோவும் அண்ணன் தோட்டமும்

அரசித்தாய் பிராகோவைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்கும்போது, மாளிகை, தங்கக் காப்பு, குடை என்று பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். குடை இருந்தது உண்மைதான். இரண்டு கம்பி ஒடிந்த குடை. மழை வந்தால் பிடிக்கிறவனும் நனைவான், அடியில் நடக்கிறவரும் நனைவார். மாளிகை என்பது தகரக் கூரை போட்ட நாலு அறை, பின்பக்கம் மண்ணால் கட்டிய ரொட்டி அடுப்பு. எங்கள் அசுபோனி கோகோவை நம்பிப் பிழைக்கும் ஊர். இங்கே ராஜ குடும்பத்து ஆளும் மற்றவர்களோடு குந்தி உட்கார்ந்துதான் கோகோக் காய் உடைப்பான்.

நான் அவருடைய கோல்காரன். அரசித்தாய் சபையில் நேராக வாய் திறக்கக் கூடாது. அவர் என் காதில் சொல்வதை நான் வாங்கி, மெருகு போட்டு, கோலை ஊன்றி நின்று சபைக்குச் சொல்ல வேண்டும். "இந்த ஆள் பொய் சொல்றான்" என்பார் அவர். நான் எழுந்து, "ஐயா சொன்னது தாயார் காதில் விழுந்தது, அது இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று நினைக்கிறார்கள்" என்பேன். பிராகோ மூன்று வார்த்தையில் பேசுகிறவர். நான் முப்பது வார்த்தைக்குக் குறைந்தால் வேலையில் குறை வைத்ததாக நினைக்கிறவன். இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

அவர் பிறந்தது ராஜ குடும்பம், பிழைத்தது லாரி நிலையத்தில். தலையில் கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து, கிளம்புகிற வண்டிகளின் ஜன்னலோரம் ஓடி ஓடி ரொட்டி விற்றார். காரணம் எளிது. எங்களுடையது மருமக்கள் வழி. ஆண் செத்தால் அவன் சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாது, உடன்பிறந்தவளின் மகனுக்குப் போகும். பிள்ளை தாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்பனுக்கு அது செல்லப் பிள்ளை, அவ்வளவுதான். பிராகோவின் கணவர் காய்ச்சலில் போனார். அடக்கம் முடிந்த மறுநாளே அவருடைய உடன்பிறந்தாள் மக்களான மருமகன்கள் வந்து அறையைப் பூட்டினார்கள், தோட்டத்தில் இறங்கினார்கள். பிராகோவுக்கு மிஞ்சியது மாவு பிசையும் மரத் தொட்டியும், இடுப்பில் இருந்த மகன் அம்போன்சாவும்தான். அப்போது எல்லாரும் அவரைத் தேற்றியது ஒரே மாதிரி: "அழாதே. உன் பிள்ளைக்கு அப்பன் தோட்டம் போனால் என்ன, மாமன் தோட்டம் இருக்கிறதே." மாமன் என்றால் பிராகோவின் அண்ணன் டாப்பா. அம்போன்சா அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

பழைய அரசித்தாய் இறந்ததும் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசிப் பிராகோவைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவளைப் பிடித்து, தோளில் வெள்ளைக் களிமண் பூசி அழைத்து வர வேண்டும். குடும்பத் தலைவர் இன்சியா நாலு பேரோடு லாரி நிலையத்துக்குப் போனார். பிராகோ தோளைக் காட்டினார், பெட்டியை மட்டும் இறக்கவில்லை.

"பெரியவரே, இன்னும் ஆறு ரொட்டி மிச்சம் இருக்கு. வித்துட்டு வரேன்" என்றார்.

இன்சியா பல்லைக் கடித்துக்கொண்டு ஆறையும் தானே வாங்கினார். இவளை வைத்துக்கொண்டு என்னென்ன படப்போகிறோமோ என்று அப்போதே நினைத்ததாகப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

பீடத்தில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை ஜின் பாட்டில்களைப் பற்றியது. அரசித்தாயிடம் வழக்குக் கொண்டுவருகிறவர்கள் பாட்டில் இல்லாமல் வர முடியாது. முன்பெல்லாம் அதைப் பெரியவர்கள் அங்கேயே குடித்துத் தீர்த்துவிட்டு, தீர்ப்பை மறுநாளைக்குத் தள்ளுவார்கள். பிராகோ ஒரு மூடியளவு முன்னோருக்கு ஊற்றிவிட்டு, மீதி பாட்டில்களைக் கடைக்காரனிடமே திருப்பி விற்றார். அதில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பும் துணியும் வாங்கினார். இந்த வாரம் ஒருவன் கொண்டுவரும் பாட்டில் போன வாரம் வேறொருவன் கொடுத்த பாட்டிலாகவே இருக்கும். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான் முணுமுணுத்தேன். எனக்கும் தொண்டை இருக்கிறதே.

மனைவியை அடித்தவனுக்கு வழக்கமான அபராதம் ஓர் ஆடு. ஆட்டை அறுத்துத் தின்றால் அடி வாங்கியவளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஆட்டுக்குப் பதிலாக அவன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் குழி வெட்ட வேண்டும் என்று வைத்தார், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க. கொஞ்ச காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பறையைவிடக் கக்கூஸ் அதிகமாகிவிட்டது. பிறகு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டது விதவைகளின் விஷயத்தை. செத்தவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று அரசாங்கம் சட்டம் போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சட்டம் தலைநகர் அக்ராவில் பத்திரமாக இருந்தது. அசுபோனிக்கு வரும் லாரி எதிலும் ஏறவில்லை. பிராகோ ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போய், "அவளும் அவனோடு சேர்ந்துதானே காடு வெட்டினாள்?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார். கோலோடு நான் பக்கத்தில் நிற்பேன். சில குடும்பங்கள் வெட்கத்துக்குப் பயந்து பங்கு கொடுத்தன. சில குடும்பங்கள் வாசலிலேயே முனகின: "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அடுத்தவன் சொத்துன்னா தாயாருக்குக் கை தாராளம்."

இந்த நிலையில்தான் அண்ணன் டாப்பா இறந்தார்.

தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. உடலை மாவட்ட ஆஸ்பத்திரியில் குளிரில் வைத்தார்கள். அன்று சாயங்காலமே இன்சியா, வழக்கப்படி, டாப்பாவின் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து பிராகோவின் முன்னால் வைத்தார். வாரிசுக்குப் பெயர் சொல்லும்வரை சாவி அரசித்தாயிடம் இருக்க வேண்டும். டாப்பாவுக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கைக்கு ஒரே மகன். யோசிக்க ஒன்றுமில்லாத கணக்கு.

பிராகோ சாவியைத் தொடவில்லை. அண்ணனுக்காக அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோலை எங்கே சாய்ப்பது என்றுகூடத் தெரியவில்லை.

டாப்பாவின் மனைவி ஃபோஃபி. இருவரும் கல்யாணமான வருஷம் ஒரு கட்டுக் கோகோ நாற்றோடு காட்டுக்குள் போனவர்கள். ஃபோஃபி கர்ப்பமாக இருக்கும்போதே வெட்டிய மரங்களை எரித்துக் காடு திருத்தியவள். தோட்டத்தில் அவள் கை படாத மரம் கிடையாது. அந்த வாரம் பிராகோ அவளைப் பார்க்கப் போனார், நானும் போனேன். கறுப்புத் துணி கட்டி, பாயில் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகள் செவா பக்கத்தில் நின்றாள். செவா வாத்தியார் படிப்புப் படித்தவள். அந்த ஜின் பாட்டில் செருப்பு போட்டு நடந்த முதல் பெண்களில் ஒருத்தி.

ஃபோஃபி தலை நிமிராமல் கேட்டாள்: "நாத்தனாரா வந்திருக்கீங்களா, அரசித்தாயா வந்திருக்கீங்களா? எதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்க அழுவேன்."

"தங்கச்சியா வந்திருக்கேன். செத்தது என் அண்ணன்" என்றார் பிராகோ.

"அப்ப சாவி எங்க?"

பிராகோ குனிந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஊர்ல உள்ள அத்தனை சாவு வீட்லயும் போயி உக்காந்தீங்க. நானும் வந்து பின்னாடி நின்னு கை தட்டுனேன். இப்ப உங்க மகன் எங்க தோட்டத்து ஓரத்துல நின்னு மரத்தை எண்ணிட்டிருக்கான். நான் கண்ணால பாத்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க."

செவா குறுக்கே வந்தாள். "தாயே, ஒண்ணு சொல்லிடறேன். அப்பாவுக்குப் பெட்டி நாங்க கொண்டுவர மாட்டோம்."

எங்கள் ஊரில் சவப்பெட்டி கொண்டுவருவது செத்தவரின் பிள்ளைகள் கடமை. குடும்பம் மற்ற எல்லாச் செலவையும் செய்யும், ஊரைக் கூட்டும், கொட்டு அடிக்கும், பெட்டியை மட்டும் வாங்காது. குடும்பம் பெட்டி வாங்கினால் இவன் பிள்ளையில்லாமல் செத்தான் என்று அர்த்தம். பிள்ளை பெற்றவனை அப்படி அனுப்பினால் அது குடும்பத்துக்கே பிடிக்கும் தீட்டு. பெட்டி வராவிட்டால் அடக்கமும் இல்லை.

பிராகோவின் முகம் கறுத்தது. "அது என் அண்ணன்டி. அவனை ஐஸ்ல போட்டு வச்சுக்கிட்டுப் பேரம் பேசுறியா? இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

"இதுக்குத்தான் படிக்க வச்சீங்கன்னு நெனச்சேன்" என்றாள் செவா. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். அவளுக்கும் அப்பாதானே.

திரும்பி வரும் வழியெல்லாம் பிராகோ அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நின்று, "புத்திசாலிப் பொண்ணு" என்றார்.

மறுநாள் காலை அம்போன்சா வந்தான். அதற்குள் ஊர் அவனை வாரிசாகவே ஆக்கிவிட்டது. லாரி நிலையத்தில் ஆளுக்கு ஆள் அவனுக்குக் கடன் கொடுத்தார்கள். வயது முப்பதைத் தாண்டியும் லாரிக் கிளீனராகவே இருந்தவன். கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். காத்திருந்தே வளர்ந்தவன். ஒன்றுக்காகக் காத்திருக்கிறவன் வேறெதையும் கற்றுக்கொள்வதில்லை. அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். பீடம் ஏறிய பிறகும் வீட்டுக்கும் அண்டைக்கும் அவரே ரொட்டி சுடுவார். அவன் நின்றுகொண்டே பேசினான்.

"அம்மா, ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க. நீங்க மாமா தோட்டத்தை அவங்களுக்குக் குடுக்கப் போறீங்களாம்."

"அவ வெட்டுன காடு அது."

"என் அப்பா வெட்டுன காடு எங்க போச்சு?"

பிராகோ கையை மாவிலிருந்து எடுக்கவில்லை.

"அது அவரு மருமகனுக்குப் போச்சு. பழைய வழக்கம், சரி. நான் அழல. எனக்கு மாமா இருக்காருன்னீங்க. இப்ப மாமா செத்தாரு, இப்ப புது வழக்கம்ங்கறீங்க. பழசு வந்தப்பவும் எனக்கில்ல, புதுசு வர்றப்பவும் எனக்கில்ல. ஊர்ப் பொண்ணுங்க காலுக்கெல்லாம் செருப்பு போட்டீங்கம்மா. உங்க வயித்துல பொறந்தவன் மட்டும் ரெண்டு பக்கமும் வெறுங்காலோட நிக்கணுமா?"

எனக்கு அவன் மேல் அப்போது இரக்கம் வந்தது. இன்னும் இருக்கிறது. வழக்கத்தை மாற்றுகிறவர்களைப் பற்றி ஊர் பெருமையாகப் பேசும். மாறுகிற வேளையில் நடுவில் மாட்டிக்கொண்டவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிராகோ மாவிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "நீ சொல்றது நியாயம்" என்றார். அவன் அந்த வார்த்தையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை குடும்பச் சபை கூடியது. சனிக்கிழமை அடக்கம் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, வெளியூர்ச் சொந்தமெல்லாம் வண்டி ஏறிவிட்டது, பெட்டி இல்லை. இன்சியா எழுந்தார்.

"கோல்காரரே, தாயார்கிட்ட சொல்லும். மத்தவங்க வீட்டுச் சாவுல அவங்க பங்கு போட்டப்ப நாங்க வாயை மூடிட்டு இருந்தோம். இது நம்ம வீட்டுச் சாவு. பங்குங்கற பேச்சு இங்க எழுந்துச்சுன்னா, பீடத்துல உக்கார வேற பொண்ணு இந்தக் குடும்பத்துல இல்லாம இல்ல."

பிராகோ என் காதில், "கிழவன் மிரட்டுறான்" என்றார்.

நான் எழுந்தேன். "பெரியவரின் கவலை எவ்வளவு ஆழமானது என்று தாயார் புரிந்துகொண்டார்கள்."

"அப்புறம்?" என்றார் இன்சியா.

பிராகோ என்னிடம், "பெட்டிக்கு என்ன வழின்னு கேளு" என்றார். கேட்டேன்.

இன்சியாவின் முகம் மலர்ந்தது. "அதுக்கு வழி பண்ணியாச்சு. அந்தப் பொண்ணு செவா ரொம்பத்தான் படிச்சிருக்கா. ஆனா அம்போன்சா இருக்கான்ல? மாமன் மேல அவனுக்கு அவ்வளவு பாசம். அவனே கடன் வாங்கிப் பெட்டிக்குச் சொல்லியாச்சு. பித்தளைக் கைப்பிடி, உள்ள வெள்ளைப் பட்டு. காலைல கொண்டுவருவான்."

பிராகோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவனேவா கொண்டுவரான்?"

"அவனே."

"அவன் பேர்லயா?"

"வேற யார் பேர்ல? குடும்பத்துப் பேர்ல கொண்டுவந்தா டாப்பா பிள்ளையில்லாம போனவன்னு ஆயிடும். அது நமக்கு வேண்டாம்."

பிராகோ என்னைக் கோலை ஊன்றச் சொன்னார். "தாயாருக்குச் சம்மதம். கொண்டுவரட்டும்" என்று சபைக்குச் சொல்லச் சொன்னார். இன்சியா வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்தார். பிராகோ அத்தனை சீக்கிரம் இணங்கியது எனக்குச் சப்பென்று போயிற்று. மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். தாய்தானே என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை விடிந்தது. பந்தலில் ஒரு பக்கம் குடும்பம், சிவப்பும் கறுப்புமாக. எதிர்ப்பக்கம் விதவையும் பிள்ளைகளும், தரையில் பாயில். டாப்பாவைக் குளிப்பாட்டி நல்ல துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். அழுகைச் சத்தம் பந்தலைத் தாண்டியது. எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு: குடும்பத்துக்குப் பிணத்தின் மேல்தான் பாசம். ஆள் உயிரோடு இருந்தபோது அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. ஏணியைப் பிடிக்கக்கூட ஒருத்தரும் வந்ததில்லை.

அம்போன்சா பெட்டியோடு வந்தான். நாலு பேர் தூக்க, தானே முன்னால் கை கொடுத்து, வியர்க்க விறுவிறுக்க வந்தான். கூட்டம் 'ஆகா' என்றது. செவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபோஃபி பாயில் குனிந்து அழுதாள். அவளுடைய கடைசிப் பிடியும் போயிற்று என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பெட்டியில் உடலை வைக்கும் முன் கோல்காரன் செத்தவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. பெட்டியை வீடு என்றே சொல்வோம்; உனக்கு இந்த வீட்டைக் கட்டியவர் இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டும். நான் எழுந்தேன். பிராகோ என் துணியைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னார்: "முழுசா சொல்லு. வழக்கத்துல உள்ளபடி, ஒரு வார்த்தை விடாம."

வழக்கத்தில் உள்ளது அந்த நொடியில்தான் என் மண்டையில் ஏறியது. அவர் கண்ணைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது, ஆனால் திரும்பவில்லை. நான் கோலை ஊன்றிச் சொன்னேன்:

"டாப்பாவே, இந்த வீட்டை உனக்குக் கட்டியவன் உன் பிள்ளை அம்போன்சா. உன் பிள்ளையின் கையால் போய் வா."

பெட்டி கொண்டுவந்தவன் பிள்ளை. பிள்ளை வாரிசாக முடியாது. குழந்தைக்கும் தெரிந்த இரண்டு வழக்கங்கள். இன்சியாவுக்கு இரண்டும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் பிள்ளைகள் பெட்டியை மறுத்தது அதுவே முதல் தடவை, மருமகன் கொண்டுவந்ததும் முதல் தடவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை. இன்சியா வாயைத் திறந்தார். பெட்டியை வேண்டாம் என்றால் அடக்கம் இல்லை; குடும்பத்தின் பெட்டி என்றால் தீட்டு. திறந்த வாயை மூடிக்கொண்டார். பின்வரிசையில் ஒரு கிழவர் சிரித்தார், சாவு வீடென்றும் பார்க்காமல்.

அம்போன்சாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் அம்மாவைப் பார்த்தான்.

"நேத்தே தெரியுமா?" என்று கேட்டான். சபை, கோல் எதுவும் பார்க்காமல் நேராகவே கேட்டான்.

பிராகோவும் நேராகவே சொன்னார்: "தெரியும்."

அவன் குடும்பத்தின் பக்கம் போக முடியாது. பிள்ளை அங்கே உட்காரக் கூடாது. நடுவில் நின்றான். பிறகு பாயின் ஓரத்தில், செவாவுக்கு ஒரு முழம் தள்ளி, போய் உட்கார்ந்தான். அடக்கம் நடந்தது.

திங்கட்கிழமை வாரிசுச் சபை. மருமகன் இல்லையென்றால் உடன்பிறந்தவளுக்கு என்பதும் வழக்கம்தான். சாவி பிராகோவுக்கே சொந்தமாயிற்று. குடும்பத்துக்கு அண்ணனின் பழைய பனந்தோப்பை விட்டார். வீடும் கோகோத் தோட்டமும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்றார்.

"பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று இன்சியா கேட்டார். வேண்டுமென்றே கேட்டார்.

"நாலு. செவா, அவ தம்பிங்க ரெண்டு பேர், பெட்டி கொண்டுவந்தவன்."

செவா துள்ளி எழுந்தாள். "இது என்ன நியாயம்? நேத்து வரைக்கும் எங்களைத் துரத்தப் பாத்தவன் இன்னிக்குப் பங்காளியா?"

"பேர் சொல்லியாச்சு. நான் சொன்ன பேரை நானே அழிக்க முடியாது. அவனுக்கு ரெண்டு பக்கமும் போயிடக் கூடாது" என்றார் பிராகோ. நான் மெருகு போட எழுந்தேன், கையமர்த்திவிட்டார்.

சபை ஃபோஃபியைப் பார்த்தது. அவள் மறுத்திருந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அவள் அம்போன்சாவை மேலும் கீழும் பார்த்தாள், சந்தையில் ஆட்டைப் பார்ப்பது போல.

"பிள்ளைன்னா சரி. என் பிள்ளைங்க எல்லாம் விடியறதுக்குள்ள கத்தியோட தோட்டத்துல நிப்பாங்க. இவனும் நிக்கட்டும். நிக்காத பிள்ளைக்கு எங்க வீட்ல சோறு கெடையாது."

இன்சியா பீடத்தைப் பற்றி அதற்குப் பிறகும் அங்கங்கே பேசிப் பார்த்தார். பேச ஆரம்பித்தாலே யாராவது, "பெரியவரே, பித்தளைக் கைப்பிடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிடுவார்கள். அவர் பேச்சு அதோடு நின்றது. அடுத்த வருஷங்களில் சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ விதவைகள் தங்கள் தோட்டத்திலேயே தங்கினார்கள். தன் அண்ணன் தோட்டத்தையே கொடுத்தவர் என்று ஆன பிறகு பிராகோவிடம் வாதாட யாருக்கும் வாய் வரவில்லை.

வாரிசுச் சபைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, மகன் தோட்டத்துக்கு வந்தானா என்று பிராகோ என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். நேரில் போக அவருக்குத் தைரியமில்லை. ஊரையே எதிர்த்தவர், அந்தத் தோட்டத்துக்குப் போகப் பயந்தார்.

அம்போன்சா வந்திருந்தான். தாமதமாக வந்தான், மொட்டைக் கத்தியோடு வந்தான், ஆனால் வந்துவிட்டான். ஃபோஃபி கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, "இதை வச்சு வெண்ணெயக்கூட வெட்ட முடியாது" என்று சொல்லிக் கல்லில் தீட்டிக் கொடுத்தாள். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவன் கேட்டான். அவள் கையைக் காட்டினாள். ஒரு வரிசையில் பாதி சுத்தமாக வெட்டியிருந்தது. மீதிப் பாதி இடுப்பளவு களை.

"உங்க அப்பா நிறுத்துன எடத்துலேர்ந்து."

எங்கள் பக்கத்தில் மருமகன்கள் மாமன் மனைவியைக் கேலியாக "என் பெண்டாட்டி" என்று கூப்பிடுவார்கள். நாளைக்கு எல்லாம் உன்னுடையதுதானே என்ற கேலி. அம்போன்சாவும் சிறு வயதிலிருந்து ஃபோஃபியை அப்படித்தான் கூப்பிட்டு வந்தான். அன்று அவன் களைக்குள் இறங்கும்போது, "சரிம்மா" என்றான்.

நான் திரும்பிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வார்த்தை உட்பட. சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. பிராகோ அடுப்பின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ரொட்டி கருகும் வாசனை வந்தது, எழுந்திருக்கவில்லை.

"கூப்பிட்டானா? நல்லது" என்றார். "என்னை அவன் நேத்து வழியில பாத்தான். ஊர்க்காரங்க மாதிரியே குனிஞ்சு, 'தாயே'ன்னு கும்பிட்டுட்டுப் போனான்."